டேசர்: விசையை விட்ட பிறகு

டேசர் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு விசாவில்தான் போய் நிற்கிறது. யார் பையன் டொராண்டோ போகிறான், யார் பெண் சிட்னிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள் என்று. அப்படி ஒரு நாள் பேசும்போது நண்பர் ஒருவர், "அங்கேயெல்லாம் போலீஸ் லத்தி எடுக்க மாட்டான் சார், கரண்ட் துப்பாக்கிதான், அஞ்சு செகண்டு, அப்புறம் ஆள் எழுந்து நடந்து போயிடுவான்" என்றார். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. எனக்கு விஷயம் அந்த "அப்புறம்" என்ற சொல்லில்தான். அந்த ஐந்து நொடிக்குப் பிறகு வரும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுபவன். அதனால் கணக்குப்பிள்ளை பார்வை அங்கங்கே எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவியின் கதை. ஜாக் கவர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், அப்பல்லோ விண்வெளித் திட்டத்துக்கு வேலை செய்த கம்பெனியில் இருந்தவர். 1960-களின் கடைசியில் விமானக் கடத்தல்கள் பெருகிக்கொண்டிருந்தன. விமானத்துக்குள் துப்பாக்கியால் சுட்டால் எல்லோருக்கும் ஆபத்து. சுடாமல் ஆளை நிறுத்த முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மின்வேலியில் மாட்டிக்கொண்டு கை கால் அசைக்க முடியாமல் நின்று, பிறகு பெரிய காயமில்லாமல் பிழைத்த ஒருவரைப் பற்றிப் பத்திரிகையில் படித்தாராம். பொறி தட்டியது. 1974-ல் கருவி தயார், காப்புரிமையும் கிடைத்தது. சின்ன வயதில் படித்த 'டாம் ஸ்விஃப்ட் அண்ட் ஹிஸ் எலக்ட்ரிக் ரைஃபிள்' என்ற 1911-ம் வருஷத்துச் சிறுவர் கதைப் புத்தகத்தின் பெயரைச் சுருக்கி 'டி.எஸ்.இ.ஆர்.' என்று வைத்தார். வாயில் நுழையவில்லை. நடுவில் ஒரு 'ஏ' சேர்த்து டேசர் ஆக்கிவிட்டார்.

மின்சாரத்தை மனிதன் மேல் பாய்ச்சுவது அதற்கு முன்பே உண்டு. 1963-ல் அலபாமா மாநிலத்தின் காட்ஸ்டன் ஊரில், சம உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களை மாடு ஓட்டும் மின்கோலால் போலீசார் குத்தினார்கள். அந்தக் கோல் வலியை மட்டும் தரும். கவர் செய்தது வேறு. இரண்டு சின்ன கொக்கி ஊசிகள் கம்பியோடு பறந்து போய் உடலில் தைக்கும். அவற்றுக்கு நடுவே ஓடும் மின்சாரம் தசைகளை இழுத்துப் பிடித்துவிடும். வலி தாங்குகிற ஆளாக இருந்தாலும் நிற்க முடியாது.

ஆரம்பத்தில் ஊசியைச் செலுத்த வெடிமருந்து வைத்திருந்தார். அதனாலேயே 1976-ல் அமெரிக்க அரசு அதைத் துப்பாக்கிகளோடு சேர்த்துவிட்டது. வியாபாரம் படுத்துவிட்டது. 1993-ல் அரிசோனாவைச் சேர்ந்த ஸ்மித் சகோதரர்கள் கவரோடு கை கோத்து, வெடிமருந்துக்குப் பதில் அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயுவை வைத்தார்கள். சட்டச் சிக்கல் தீர்ந்தது. 1999-ல் எம்-26, 2003-ல் எக்ஸ்-26 என்று மாடல்கள் வந்தன. கம்பெனி 2001-ல் நாஸ்டாக்கில் பட்டியலானது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் பங்கு விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் நம்ம ஹர்ஷத் மேத்தா காலம் நினைவுக்கு வரும். 2017-ல் கம்பெனி பெயரையே ஆக்சான் என்று மாற்றிக்கொண்டார்கள்.

50,000 வோல்ட் என்று கேட்டால் பகீர் என்கிறது, இல்லையா? வீட்டு பிளக்கில் வருவது 230 தான். ஆனால் அந்த 50,000 என்பது சட்டை, ஜாக்கெட், காற்று இடைவெளி எல்லாவற்றையும் தாண்டிக் குதிப்பதற்கு. உடலுக்குள் போகும்போது எக்ஸ்-26-ல் அது ஏறக்குறைய 1,200 வோல்ட்டாக இறங்கிவிடும். சராசரி மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர் சொச்சம். ஒரு நொடிக்கு 19 துடிப்பு. டெல்லிக் குளிரில் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது பட் பட் என்று பொறி பறக்குமே, அதிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது. ஆக வோல்ட்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்று கம்பெனி சொன்னது நியாயம்தான். ஒரு தடவை விசையை அழுத்தினால் 5 நொடி ஓடி நின்றுவிடும். ஆனால் அழுத்தியே பிடித்திருந்தாலோ மறுபடி அழுத்தினாலோ மறுபடி ஓடும். இந்த 'மறுபடி' பின்னால் வரும்.

எனக்கு இந்தக் கருவியில் ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. அதற்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. எத்தனை முறை விசை அழுத்தப்பட்டது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று தானே பதிந்துகொள்ளும். சுடும்போது தோட்டாப் பெட்டியிலிருந்து வரிசை எண் அச்சடித்த பொடிப்பொடியான காகிதத் துணுக்குகள் வேறு சிதறும், எந்தப் பெட்டி என்று பிற்பாடு கண்டுபிடிக்க. எங்கள் கிளையில் ஏ.டி.எம்.-ல் பணம் வரவில்லை என்று வாடிக்கையாளர் வந்து நின்றால் முதலில் ஜே.பி. லாக்கைத்தான் பார்ப்போம். நொடி சுத்தமாக எல்லாம் இருக்கும். அதே மாதிரிதான். மிஷின் பக்கத்துக் கணக்கு பக்கா. ஊசி தைத்த மனிதனின் நாடி எப்போது எப்படி இருந்தது என்று பதிந்துவைக்க யாருமில்லை.

இப்போது வான்கூவருக்குப் போவோம். டேசர் வரலாற்றில் எத்தனையோ வழக்குகள் உண்டு. இந்த ஒன்றை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் படிக்கும்போதே உங்களுக்குப் புரியும்.

ராபர்ட் ஜெகான்ஸ்கி, போலந்து நாட்டுக்காரர், 40 வயது. அவருடைய அம்மா முன்பே கனடாவுக்குக் குடியேறி, கம்லூப்ஸ் என்ற ஊரில் இருந்தார். வான்கூவரிலிருந்து 350 கிலோமீட்டர். பணம் சேர்த்து, ஸ்பான்சர் செய்து, மகனைத் தன்னிடம் நிரந்தரமாக வரவழைத்தார். 2007 அக்டோபர் 13. மகனுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது.

அம்மா சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று: பெட்டி வரும் இடத்தில் நில், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். பாவம், பன்னாட்டுப் பயணிகள் பெட்டி எடுக்கும் இடத்துக்கு வெளியாள் வர முடியாது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. மதியம் மூன்றே கால் மணி வாக்கில் விமானம் இறங்கியது. மகன் உள்ளே பெட்டிப் பட்டை பக்கம் அம்மாவைத் தேடிக்கொண்டு மணிக்கணக்காக நின்றான். அம்மா வெளியே, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அதே நேரம் நின்றுகொண்டிருந்தார். விசாரித்ததற்கு அப்படி யாரும் உள்ளே இல்லை என்று பதில் வந்தது. ராத்திரி பத்து மணி வாக்கில் மகன் வரவில்லை என்று நினைத்து ஊருக்குத் திரும்பிவிட்டார்.

என் அம்மா முதல் தடவை கோரமண்டலில் தனியாக ஹவுரா வந்தபோது, தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது என்பதால், வங்காளியில் எழுதிய விலாசத் தாளை முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருந்தேன். ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தார். கம்பார்ட்மென்ட் வாசலிலேயே நான் நின்றிருந்ததால் அந்தத் தாளுக்கு வேலை வரவில்லை. ரயில்வே பிளாட்பாரத்தில் அது நடக்கும். ஏர்போர்ட்டில் நடக்காது. இந்த ஒரு சின்ன வித்தியாசத்தை நம்மூர்ப் பெரியவர்களுக்கு யார் விளக்கிச் சொல்கிறோம்?

ஜெகான்ஸ்கி ஒருவழியாகக் குடியுரிமை அதிகாரிகள் கண்ணில் பட்டு, காகிதங்கள் எல்லாம் சரி என்று முத்திரை விழுந்து, வெளிக்கூடத்துக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. பிரயாணத்தை முழுசாகக் கணக்கிட்டால் ஒரு நாளுக்கு மேல் தூக்கமில்லை. அம்மா இல்லை. பேச்சைப் புரிந்துகொள்ள ஆளில்லை. அவர் பதற ஆரம்பித்தார். நாற்காலிகளைக் கதவருகே அடுக்கினார், ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில் போட்டார். யாரையும் அடிக்கவில்லை. ஒரு பெண்மணி கை ஜாடையில் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார், ஓரளவு அடங்கவும் செய்தார். இதற்குள் யாரோ 911-க்கு அழைத்துவிட்டார்கள்.

அதிகாலை 1.28-க்கு ஆர்.சி.எம்.பி. போலீசார் நால்வர் வந்தார்கள். வந்து அரை நிமிடம் ஆவதற்குள் டேசர் பாய்ந்தது. நடுவில் நடந்தது இவ்வளவுதான்: அவர் கைகளை உயர்த்தினார், போலீசார் காட்டிய பக்கம் நகர்ந்தார், கவுன்ட்டர் மேலிருந்த ஒரு ஸ்டேப்ளரைக் கையில் எடுத்தார். நம் மேஜையில் வவுச்சர் குத்துவோமே, அந்த ஸ்டேப்ளர். மொத்தம் ஐந்து முறை. சில தடவை ஊசி வழியாக, சில தடவை கருவியை நேரே உடம்பில் வைத்து. அவர் தரையில் கத்திக்கொண்டு துடிக்கும்போதே மேலே அழுத்திப் பிடித்து, கையைப் பின்னால் வளைத்து விலங்கு மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, அசையவில்லை. முகம் நீலம் பாரித்தது என்று பார்த்தவர்கள் பின்னால் சாட்சி சொன்னார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தீயணைப்புக் குழுவினர் (அங்கே முதலுதவிக்கு அவர்கள்தான் முதலில் வருவார்கள்) வந்து சேர்ந்தபோது சுமார் 1.42. ஏறக்குறைய 12 நிமிடம். ஏர்போர்ட்டுக்கென்றே சொந்தமாக ஓர் அவசர உதவிக் குழு இருந்தது, அதே வளாகத்தில். அதை யாரும் கூப்பிடவில்லை. தீயணைப்புக் குழுத் தலைவர் விசாரணையில் சொன்னது: கீழே கிடந்தவர் பக்கத்தில் அமர்ந்து மூச்சையோ நாடியையோ யாரும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை, பரிசோதிப்பதற்காக விலங்கைக் கழற்றச் சொன்னபோது, மறுபடி முரண்டு பண்ணுவான் என்று மறுத்துவிட்டார்கள். மூச்சு இருந்தது, கவனித்துக்கொண்டுதான் இருந்தோம் என்றார்கள் போலீசார். சில நிமிடங்களில் ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து வற்புறுத்திய பிறகுதான் விலங்கு கழன்றது. நாடி இல்லை. என்னென்னவோ செய்து பார்த்தார்கள். இரண்டு மணிக்குக் கொஞ்சம் பின்னால் இறந்ததாக அறிவித்தார்கள். கம்லூப்ஸ் போய்ச் சேர்ந்த அம்மாவுக்குச் செய்தி அதற்குப் பிறகுதான்.

இதயம் தாளம் தப்பி நின்றுபோனால், மார்பை அழுத்தி, ஏ.ஈ.டி. என்ற மின் அதிர்வுக் கருவியை வைக்காமல் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. 12 நிமிடத்துக்கு நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தால் ஆளை விழவைக்கும் கருவி போலீசார் இடுப்பில் இருந்தது. நின்ற இதயத்தை மின்சாரத்தாலேயே ஓடவைக்கும் கருவி கையோடு இல்லை.

மறுநாள் போலீஸ் தரப்பு பத்திரிகைகளிடம் சொன்ன கதையில் மூன்று போலீசார், டேசரும் ஐந்து முறை இல்லை. ஆனால் கூடத்தில் நின்ற ஒரு பயணி எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார். விசாரணைக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போன போலீஸ், சொன்னபடி திருப்பித் தரவில்லை. அவர் வக்கீல் வைத்து வாங்கி, 2007 நவம்பரில் வெளியிட்டார். உலகமே பார்த்தது. 2008 டிசம்பரில், போலீசார் மேல் வழக்கு இல்லை என்று அரசுத் தரப்பு முடிவெடுத்தது. அதே மாதம் கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சி ஏற்பாடு செய்த பரிசோதனையில் 44 டேசர் கருவிகளில் 4, கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் மின்னோட்டத்தைத் தந்தன.

ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தலைமையில் விசாரணைக் கமிஷன். கமிஷன் என்றாலே நமக்கு ஒரு சலிப்பு உண்டு. தூசி படிந்த வால்யூம்கள், காலநீட்டிப்பு, கடைசியில் ஒரு மேஜை டிராயர். இந்த மனிதர் வித்தியாசமானவர். 2009 ஜூலையில் முதல் அறிக்கை, 19 பரிந்துரை. பிரிட்டிஷ் கொலம்பியா அரசு உடனேயே அத்தனையையும் ஏற்றுக்கொண்டது. ஆளுக்கு உடல் காயம் ஏற்படும் நிலை இருந்தாலொழிய டேசரை எடுக்கக் கூடாது; 5 நொடிக்கு மேல் போகக் கூடாது; உடல்நிலை அபாயம் தெரிந்தால், முடிந்தால் சுடுவதற்கு முன்னாலேயே, மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும்; டேசர் வைத்திருக்கும் போலீசாருக்கு எட்டும் தூரத்தில் ஏ.ஈ.டி. இருக்க வேண்டும். கடைசி இரண்டையும் கவனியுங்கள். விசையை விட்ட பிறகு வரும் நேரத்துக்கும் போலீசார்தான் பொறுப்பு என்று எழுத்தில் வந்தாயிற்று. ஏர்போர்ட்டும் தன் பங்குக்கு 24 மணி நேர உதவி மேஜை, மொழிபெயர்ப்பு வசதி என்று மாற்றங்கள் செய்தது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. முதல் அறிக்கையை எதிர்த்தே கோர்ட்டுக்குப் போனது. 2010-ல் தோற்றது. அமெரிக்காவில் அதற்கு முன் ஜெயித்தும் இருந்தது: 2008-ல் ஒஹாயோ மாநிலத்தில், மூன்று மரணங்களுக்குக் காரணமாக டேசரைக் குறிப்பிட்ட மருத்துவப் பரிசோதகர் மேல் வழக்குப் போட்டு, அந்தச் சொல்லை நீக்கச் சொல்லி உத்தரவு வாங்கியது. பிரேத பரிசோதனை செய்த டாக்டர் எழுதிய சர்டிபிகேட்டைக் கருவி விற்றவர் கோர்ட் மூலம் திருத்துவது! எங்கள் ஆடிட் ரிப்போர்ட்டை கடன் வாங்கியவர் திருத்த முடிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஒரு பக்கமே பேசிக்கொண்டிருக்கக் கூடாது. 2009-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், போலீசாரால் டேசர் பாய்ச்சப்பட்ட 1,201 பேரைப் பார்த்தார்கள். 99.75 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை, அல்லது சிறு கீறல். துப்பாக்கிக் குண்டுக்குப் பதில் டேசர் பாய்ந்ததால் உயிர் தப்பியவர்கள் நிச்சயம் ஏராளம். என் நண்பர் சொன்னது தப்பில்லை என்று மேலே எழுதியது இதற்காகத்தான். ஆனால் அந்த ஆய்வில் மோசமாகப் பாதிக்கப்பட்ட மூன்று பேரில் இருவருக்கு என்ன ஆயிற்று தெரியுமா? கீழே விழுந்து தலைக்குள் அடி. தசை இறுகிப் போன ஆள் கையை ஊன்றி விழ மாட்டான், வெட்டிய மரம் மாதிரி சாய்வான்.

இதற்குக் கொடுமையான உதாரணம் ஆஸ்திரேலியாவில் 2023 மே மாதம் நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கூமா என்ற ஊரின் முதியோர் இல்லம். 95 வயதுப் பாட்டி, நடப்பதற்குத் தள்ளுசட்டம் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு சாப்பாட்டு மேஜைக் கத்தி. போலீஸ்காரர் டேசர் பாய்ச்சினார். மின்சாரம் அவரைக் கொல்லவில்லை. விழுந்த வேகத்தில் தலையில் அடிபட்டு ஒரு வாரத்தில் இறந்தார். 2024 நவம்பரில் அந்தப் போலீஸ்காரர் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்தது. 2025-ல் தண்டனை வந்தபோது சிறை இல்லை.

பிறகு என்ன பார்க்க வேண்டும் என்பதில் மருத்துவம் மெல்ல மெல்லத் தெளிந்தது. கொக்கி ஊசி ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். சாதாரண இடத்தில் தைத்திருந்தால் எடுத்துவிட்டு மருந்து போட்டு, டெட்டனஸ் ஊசி தேவையா என்று பார்த்தால் போதும். கண், முகம், கழுத்து, மார்பகம், அந்தரங்க உறுப்பு என்றால் ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும். தலையில் அடி உண்டா, முதுகெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 15 நொடிக்குள் பாய்ச்சப்பட்டு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் விழிப்போடு பேசுபவருக்கு ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்க அவசர மருத்துவர்கள் சங்கம் ஒன்று 2011 வாக்கில் சொன்னது. அதற்கு மேல் போனால், அல்லது ஆள் குழம்பிப் போயிருந்தால், போதைப்பொருள் உள்ளே இருந்தால், கதை வேறு. இங்கிலாந்தில் முன்னாள் கால்பந்து வீரர் டேலியன் அட்கின்சன் மேல் 2016-ல் பாய்ச்சியது 5 நொடி இல்லை, 33 நொடி. அதற்கு மேல் தலையில் உதையும். அந்தப் போலீஸ்காரருக்கு 2021-ல் எட்டு வருஷம் தண்டனை.

இதயத்தைப் பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை. 2009 அக்டோபரில் கம்பெனியே தன் பயிற்சிக் குறிப்பில், மார்பைத் தவிர்த்துக் கீழே குறிவையுங்கள் என்று மாற்றியது. ஆபத்து என்பதால் அல்ல, வீண் சர்ச்சை வேண்டாம் என்பதால் என்றது. 2012-ல் டக்ளஸ் ஸைப்ஸ் என்ற இதய மருத்துவர், மார்பில் பாய்ந்த பிறகு இதயம் நின்றுபோன 8 பேரின் விவரங்களை ஆய்விதழில் வெளியிட்டார். அவர் கம்பெனிக்கு எதிரான வழக்குகளில் காசு வாங்கிக்கொண்டு சாட்சி சொன்னவர் என்றார்கள் எதிர்த்தரப்பினர். எதிர்த்தரப்பில் எழுதிய சிலர் கம்பெனியோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பதும் உண்மை. இருபக்கத்துப் பற்று வரவையும் பார்த்துவிட்டு நான் சொல்வது: அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. அபூர்வமாக நடப்பதற்குத்தானே பக்கத்தில் ஆள் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்?

இன்னொரு சமாச்சாரம், 'எக்ஸைட்டட் டெலிரியம்' என்ற வார்த்தை. வெறி பிடித்த மாதிரி கிளர்ச்சி அடைந்து, அதனாலேயே ஆள் திடீரென்று செத்துப் போவான் என்று 1985-ல் மயாமியில் ஆரம்பித்த கருத்து. போலீஸ் பிடியில் இறந்தவர்கள் எத்தனையோ பேரின் காகிதத்தில் இது காரணமாக ஏறியது. இதைக் காரணம் காட்டுவது உதவாது, உண்மையான உடல்நிலையை ஆராயாமல் தப்பிக்கவே வழி செய்யும் என்று பிரெய்ட்வுட் 2009-லேயே எழுதிவிட்டார். அதே வருஷம் அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி அதை ஆதரித்து அறிக்கை விட்டது. 2023-ல் அந்தக் கல்லூரியே தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றது. 14 வருஷம். அதற்குள் எத்தனை கோப்புகள் அந்த வார்த்தையோடு மூடப்பட்டிருக்கும்!

வான்கூவர் கதையின் மிச்சம். 2010-ல் ஆர்.சி.எம்.பி. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டது. அதே வருஷம் ஜூனில் பிரெய்ட்வுட்டின் இரண்டாவது அறிக்கை வந்தது. தலைப்பே "ஏன்?" என்ற கேள்விதான். டேசர் எடுத்ததற்கு நியாயம் இல்லை, திரும்பத் திரும்பப் பாய்ச்சியது மரணத்துக்குப் பெரும் பங்கு, ஸ்டேப்ளரால் பயந்தோம் என்று போலீசார் சொன்னதை நம்பவில்லை என்று எழுதினார். 2013-ல் மரண விசாரணை அதிகாரி அதை மனிதரால் நிகழ்ந்த மரணம் என்று வகைப்படுத்தினார். நால்வர் மேலும் வழக்கு வந்தது, கமிஷன் முன்னால் பொய்ச் சாட்சி சொன்னதாக. இருவர் விடுதலை. மற்ற இருவருக்கு 2015-ல் தண்டனை, 2017 அக்டோபரில் கனடா உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொய் சொன்னதற்குச் சிறை. ஐந்து முறை விசையை அழுத்தியதற்கும், 12 நிமிடம் சும்மா நின்றதற்கும் யார் மேலும் வழக்கே இல்லை.

நம் ஊரில் இது லத்தி சமாச்சாரம். ஆனால் 'பிறகு' என்பது நமக்கும் பொதுதான். நான் இருக்கும் இந்த ஊரிலிருந்து, மேற்கு வங்க சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர் டி.கே. பாசு 1986-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் போட்டார், லாக்கப் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து. அந்தக் கடிதமே வழக்காகி 1996 டிசம்பரில் தீர்ப்பானது. கைதானவர் கேட்டால் உடலில் உள்ள காயங்களைப் பெரியது சிறியது எல்லாம் அப்போதே பார்த்துக் குறித்து, அவரும் போலீஸ் அதிகாரியும் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு பிரதி அவருக்கு. காவலில் இருக்கும்வரை 48 மணிக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனை என்பது இப்போது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 53-வது பிரிவு. காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், சிறைக்கு அனுப்பலாம் என்று சர்டிபிகேட்டும் வாங்கித்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். கைதாகி நாலு நாளில் இருவரும் போய்விட்டார்கள்.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள், பின்னால் அவர்களைப் பார்க்கப் போகும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: பெட்டி எடுத்த பிறகு வெளியே வரும் கதவுக்கு அப்புறம்தான் நாங்கள் நிற்போம், உள்ளே காத்திருக்காதீர்கள் என்று. அந்த நாட்டுப் பாஷையில் ஒரு தாளும் எழுதிக் கையில் கொடுங்கள்.

டி.கே. பாசுவின் அந்தக் கடிதம் எப்படி வழக்கானது என்பது தனிக் கதை. எழுத நிறைய இருக்கிறது. மார்ச் கணக்கு முடிப்பு கழியட்டும்.